திறப்புக்குப் பதில் வந்த சட்டி

இன்று இடியப்பத்துக்கு மாக் குழைக்க அந்த வெள்ளைப் பீங்கான் சட்டியை எடுத்தேன். விளிம்பின் நீலக் கோடு இன்னும் அழியவில்லை. மாதான் கட்டிபட்டுவிட்டது. நீர் என் பக்கத்தில் இருந்திருந்தால், "விடுங்கோ, உங்களுக்கு ஏலாது" என்று பறித்திருப்பீர். பறிக்க ஆளில்லாமல் நானே குழைத்து முடித்தேன்.

பீலெஃபெல்டுக்கு நாம் வந்த புதிதில் நம் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு இருந்தது ஒரேயொரு சிநேகிதி, லேனா. லேனாவின் பிறந்தநாளுக்கு அவர்கள் வீட்டில் இரவு தங்க அழைப்பு வந்ததும், ஒரு கிழமையாகப் பையை அடுக்குவதும் பிரிப்பதுமாகத் திரிந்தாள். லேனாவின் தகப்பன் வேட்டைக்காரர். நாம் உள்ளே நுழைந்தபோது கண்ணாடி அலுமாரிக்குள் துவக்குகள் வரிசையாக நின்றன. அதைப் பூட்டித் திறக்கும் திறப்பு பூட்டிலேயே தொங்கியது. நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீர் அசையாமல் நின்றீர்.

உமக்கு ஜெர்மன் அரைகுறை. பதற்றத்தில் திறப்புக்கான 'ஸ்லூசல்' வாயில் வராமல் சட்டிக்கான 'சூசல்' வந்துவிட்டது. "சூசலை எடுங்கோ, சூசலை எடுங்கோ" என்று அவர்களுடைய மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டீர். லேனாவின் தாய் குசினிக்குள் ஓடி, இந்தச் சட்டியோடு வந்து நின்றாள். நாம் ஏதோ சாப்பாடு கொண்டுவந்திருக்கிறோம், போட ஏனம் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

"வெக்கக்கேடு, வாரும் போவம்" என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ." நேரே போய்ப் பூட்டில் தொங்கிய திறப்பைத் தொட்டுக் காட்டினீர்.

பிள்ளைகளுக்குத் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பதாக வேட்டைக்காரர் சொன்னார்.

"என்ர தம்பிக்கும் சொல்லித்தான் இருந்தது. சொல்லுங்கோ இவருக்கு."

ஜெர்மனில் சொன்னேன். வௌவால் சுட உம்முடைய பெரியப்பா வைத்திருந்த துவக்கு, ஒரு மத்தியானம் மூலையில் சாத்தியிருந்தது. விளையாடப் போன தம்பி அதைத் தூக்கினான். நம் ஊரில் செத்தவர்கள் எல்லாம் சண்டையில் செத்தவர்கள் என்றுதான் இங்கே நினைப்பார்கள். உம் தம்பி வீட்டுக்குள் செத்தவன்.

மகளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டீர். கார் முழுக்க அழுகை. இருந்த ஒரு சிநேகிதியும் போச்சுது என்றாள்.

"அழட்டும்," என்றீர் என்னிடம். "அழுறதுக்குப் பிள்ளை இருக்குத்தானே."

கொஞ்ச நாளில் வேட்டைக்காரரே நம் வாசலில் வந்து நின்றார். இரும்பு அலுமாரி வாங்கியிருந்தார். எண் பூட்டு, திறப்பே கிடையாது. வந்து பார்க்கச் சொன்னார். கையில் இந்தச் சட்டி, நிறைய உருளைக்கிழங்குச் சாலட். நீர் போய்க் கதவை இழு இழு என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் மகளை அங்கே தங்க விட்டீர்.

துவக்கைப் பூட்டி வைக்கவேண்டும் என்று அப்போதும் சட்டம் இருந்தது. வந்து பார்க்கத்தான் ஆளில்லை. இந்த வருடம், தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செத்த பிறகு, அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். செய்தியைக் கேட்டதும் "இஞ்சரும்" என்று உம்மைக் கூப்பிட்டபடி குசினிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீர் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இன்னும் திரும்புகிறேன்.

வேட்டைக்காரரைக் கடையில் கண்டேன். "எங்கள் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தால், உங்கள் மனைவி எப்போதோ வந்து பார்த்துவிட்டார் என்று சொல்வேன்" என்றார்.

இன்று மகள் ஒரு புதுச் சிநேகிதி வீட்டில் தங்கப் போயிருக்கிறாள். போகுமுன் தொலைபேசியில் அந்தத் தாயிடம், உங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, அங்க துவக்கும் இல்லையாம், சூசலும் இல்லையாம்" என்றாள்.

அவளுக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. அந்த ஒரு சொல்லை மட்டும் உம்முடைய பிழையோடுதான் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை.