பசை போட்டு ஒட்டிய பிக்கப்

பலெர்மோ, ஓகஸ்ட் 1996

அன்பு மச்சாள்,

இதை மாமிக்குக்கூடக் காட்டிப்போடாதேங்கோ.

திருநாள் பூசையில் கிற்றார் சத்தம் எல்லாருக்கும் கேட்கவேணும் என்று, கிற்றாரின் ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வாங்கப் போனேன். மலிவானது காந்தப் பிக்கப். "காந்தம் இரும்புக் கம்பியைத்தான் பிடிக்கும், உங்கட நைலோன் நரம்புக்கு அது செவிடு" என்று கடைக்காரர் சிரித்தார். அதனால் கிற்றாரின் பலகையில் ஒட்டுகிற பிக்கப்பை வாங்கினேன். அதோடு தந்த ஒட்டுமெழுகில் அது நிற்கவில்லை, பசை போட்டேன். கோயில் முழுக்கக் கேட்டது. கழற்றியபோது வார்னிஷும் உரிந்து வந்துவிட்டது.

கிற்றார் அம்மா வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுடையது. அந்த வீட்டார் விடுமுறைக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் நிற்க, அம்மாவிடம் இருக்கும் அவர்களின் வீட்டுத் திறப்பை எடுத்துப் போய் நான்தான் கொண்டுவந்தேன். பங்குச் சுவாமியார் தந்தது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். நாளைக்கு சிஞ்ஞோரா வருகிறா. அம்மாவின் வேலை போனால் இஞ்சை இருக்கிறதுக்குத் தந்த அனுமதி, அந்தப் பெர்மெசோவும் போய்விடும்.

கதவு தட்டுகிறது. "பிள்ளை, இன்னும் படுக்கேல்லையே?" அம்மாதான். கிற்றார் கட்டிலில் கிடக்கிறது. ஒளிக்கமாட்டேன், மச்சாள். திறக்கப் போகிறேன்.