சமரச மேசையில் நீட்டிய பேனா

செவ்வாய்க்கிழமை, ஆடி 13

இன்று நான் நடத்திய சமரசம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அனகாபுத்தூர் செல்வியின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள் இல்லை. போன வருஷம் பொத்தேரி காலேஜ் மாணவன் ஒருவன் பைக்கில் வந்து மோதியதில் போனவை. வெறும் தண்டனையோடு முடிக்காமல், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச வைக்கச் சொல்லி கோர்ட் என்னிடம் அனுப்பியிருந்தது.

அவன் எதையும் மறைக்கவில்லை. "ஃபோன் பாத்துக்கிட்டே ஓட்டினேன்க்கா. என் தப்புதான், மன்னிச்சிடுங்க" என்று அழுதான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே நடக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையிலேயே ஒப்பந்தத்தைச் செல்வி பக்கம் நகர்த்திப் பேனாவை நீட்டினேன்.

அவள் பேனாவையே பார்த்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஸ்டாம்ப் பேடைத் திறந்து, "பரவால்லம்மா, ரேகை வெச்சிடுங்க" என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியும் மேடம். பத்தாவது பாஸ் பண்ணிகீறேன்."

இடது கையில் பேனாவைப் பிடித்துத் தன் பெயரை எழுதினாள். மூன்றே எழுத்து. முடிப்பதற்குள் அவன் இரண்டு முறை மணி பார்த்துவிட்டான்.

அறிக்கையில், 'இரு தரப்பும் மனநிறைவோடு சமாதானம்' என்று எழுதி, அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.