நூற்றிப்பன்னிரண்டாம் பூத்தில் உன் பெயர்

அன்பு மகள் ஷைஜாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். திற்பரப்புப் பக்கம் மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று ஒன்பது நாளாகிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள், அதனால்தான் தபால். இது வந்த விவரம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

விஷயம் இதுதான், புதிய வாக்காளர் பட்டியலில் நம் நூற்றிப்பன்னிரண்டாம் பூத்தில் உன் பெயர் இல்லை. அந்த பூத்தில் முப்பத்தாறு வருஷமாகக் கட்சி ஏஜென்டாக உட்காருகிறவன் நான், பாராளுமன்றத்துக்கு நாகர்கோவில் தொகுதியாக இருந்தபோதும் சரி, 2009-ல் கன்னியாகுமரி என்று ஆன பிறகும் சரி, எந்த வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் என்று எனக்கு மனப்பாடம். ஆயிரத்து நாற்பது ஓட்டில் சர்ச் ஓட்டு பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், மீதியில் அய்யாவழிக்காரர்கள் ஒரு பங்கு, ஆண்பிள்ளைகள் கல்ஃபுக்குப் போய்விட்டதால் பெண்கள் வரிசைதான் நீளம். சென்னையில் யார் ஆண்டாலும் பாராளுமன்றத்துக்கு இங்கே பெரும்பாலும் தேசியக் கட்சிகள்தான் மோதிக்கொள்ளும், நம் பூத் ஐம்பது ஓட்டில் கைமாறும். அதனால் ஒரு பெயர் குறைந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஊரில் இல்லாதவர் பெயரைத்தான் கள்ள ஓட்டுக்காரன் முதலில் தேடுவான், உன் பெயரைச் சொல்லிக்கொண்டு எவளும் வந்துவிடக் கூடாது என்று நீ போன பிறகு நடந்த தேர்தல்களில் மூத்திரத்துக்குக்கூட எழும்பாமல் இருந்திருக்கிறேன்.

என் சந்தேகம் நேரே பொன்னுலிங்கத்தின் மேல் போனது. அவன் எதிர்க்கட்சி ஏஜென்ட், ஆனாலும் பூத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நம் வீட்டு மரச்சீனிக் கிழங்கும் அவன் வீட்டு மீன்கறியும் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். கூட இருந்தே குழி பறிக்கிறவர்கள் உண்டு அல்லவா, போன மாசம்தான் ஷைஜா எப்போது வருவாள் என்று என்னிடம் விசாரித்தான். டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். ராஜையண்ணே, ஒங்க மொவ பேர வெட்டி எனக்கு என்ன கிட்டப் போவுது என்று மட்டும் சொல்லிவிட்டு, குடித்த பாதி டீயை வைத்துவிட்டுப் போனான். அதையும் நடிப்பு என்றே நினைத்தேன். வீடு வீடாகப் படிவம் வாங்கினது அங்கன்வாடி டீச்சர் லிஜா, அவளையும் போய் மிரட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்று உன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது, கீழே நேசபாய் என்று உன் அம்மாவின் கையெழுத்து. நான் வாழைக்குலை கொண்டு வடசேரிச் சந்தைக்குப் போயிருந்த நாள் அது.

வீட்டுக்கு வந்து கேட்டால் தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொல்கிறாள், அவ அங்கத்த பிரஜை ஆயி ரண்டு மாசமாச்சு, ஒங்ககிட்ட சொல்லப் பயந்துட்டா, இனி இங்க பேரு வைக்கப்பிடாது, பொய் எழுதிக் குடுக்க எனக்கு மனசில்ல என்று. மக்ளே, பொன்னுலிங்கம் வெட்டியிருந்தால் மனு கொடுத்துத் திரும்பச் சேர்த்திருப்பேன், நீயே போய்விட்டால் நான் யாரிடம் மனு கொடுப்பது? எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் நிறைய இருக்கிறது. அம்மா சொல்வதையும் முழுசாக நம்பவில்லை. உண்மைதான் என்றால் உன் கையால் எழுது, நான் பொன்னுலிங்கம் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு வெந்நீர்தான் கொடு, ஞாயிறு ஆராதனையை விடாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். அங்கே உனக்கு ஓட்டு வந்துவிட்டதா, எந்த பூத், உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருத்தி வந்தால் இவள் ஷைஜா இல்லை என்று சொல்ல அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அதை மறக்காமல் எழுது.

உன் அப்பா,
ராஜையன்