நங்கையாவுக்குத் தெரிந்த மூன்று நிலா

தை 15, வியாழன்

விடிய விடியப் பனி. நடுங்கிக்கொண்டே குளித்து விளக்கேற்றினேன். முருகா.

கிணத்துக்கடவிலிருந்து நங்கையா வந்தாயிற்று. என் அண்ணன் மனைவி. பொங்கலுக்கு முன்னால் வலது கண்ணில் ஆபரேஷன் செய்து புரை எடுத்தது. இடது கண் பாக்கி. நச்சரித்து, கையோடு கூட்டிப்போய் எடுக்க வைத்தவள் நான்தான். புரை இருந்தபோது நிலாவைப் பார்த்தால் மூன்றாகத் தெரியுமாம். எடுத்த பிறகு இன்னும் வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பயம்.

"மறுபடியும் மூணு தெரிஞ்சுதுன்னா இன்னொரு கண்ணுல கை வெக்க உடமாட்டேன் அம்மணி. இப்பவே சொல்லிப்போட்டேன்."

ஞாயிறு பூசம், பௌர்ணமி. மாடியில் நிலாச்சோறு, அங்கேயே பார்த்துவிடுவோம் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

புளிசாதம் - நான். தயிர்சாதம் - கீழ் வீட்டு ஸ்டெல்லா. இனிப்புக்குக் கச்சாயம் - நங்கையா. ஆவாரம்பூ - என் வீட்டுக்காரர் (ரெண்டு தடவை சொல்ல வேண்டும்).

தை 16, வெள்ளி

வெயில் சுள்ளென்று. அம்மன் கோயில் போய் வந்து, மாடியில் தென்கிழக்கு மூலையைக் கழுவி, செம்மண் பூசி, பெரிய வட்டமாக நிலாக்கோலம். முதுகு போச்சு. ஆடி பௌர்ணமிக்கு அங்கேதான், தென்னைக்கும் டவருக்கும் நடுவில், நிலா வந்தது. நானே பார்த்தேன். எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

அவர் எட்டிப் பார்த்து, "நிலாகிட்டச் சொல்லிப்போட்டயா?" என்றார். எப்போதும் இந்தக் குசும்பு.

தை 17, சனி

சாயங்காலம் வடகம் எடுக்க மாடிக்குப் போனேன். தென்னைப் பக்கம் நிலாவைக் காணோம். பகீரென்றது. திரும்பினால் படிக்கட்டு ரூமுக்குப் பின்னால், வடகிழக்கில், வெளுப்பாக நிற்கிறது! என் கோலத்திலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும்.

வடகத் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரே சூரியன் பாலக்காட்டுப் பக்கம் இறங்குகிறது. ஆடியில் மருதமலைப் பக்கமல்லவா இறங்கியது? அப்போதுதான் புரிந்தது. பௌர்ணமி என்றால் ரெண்டு பேரும் எதிரெதிர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கினால் நிலா வடக்கே ஏறும். ஆடியில் ஓரமாகப் போகிற நிலா இப்போது உச்சந்தலைக்கே வரும். தையில் மாடி பால் ஊற்றின மாதிரி இருப்பது அதனால்தான். பனிக்கு என்று நினைத்திருந்தேன்! எத்தனை பௌர்ணமி விரதம் இருந்தும் இதைக் கவனிக்கவில்லையே. யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்ததில் ஒரே சந்தோஷம். கீழே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"அப்ப நேத்துப் போட்ட கோலம்?"

"அது ஆடிக்கு இருக்கட்டுமுங்க."

புதுக் கோலத்துக்கு ஈசானிய மூலை, சாமி மூலை. ஆனால் அங்கே ஸ்டெல்லாவின் துணிக்கொடி, நிறையப் போர்வை. தயங்கித்தான் கேட்டேன்.

"நெலா வாரதுக்குப் போர்வைய எடுக்க மாட்டனாக்கா? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து நானே கூட்டி உடறேனுங்க."

நல்ல மனசு. கர்த்தர் அவளை நன்றாக வைக்கட்டும்.

தை 18, ஞாயிறு. பூசம்

புதுக் கோலம். ஆவாரம்பூ வந்தது (மூன்று தடவை சொன்னேன்). புளிசாதத்தில் உப்பு ஒரு கல் தூக்கல், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விளக்கேற்றிக் கும்மி தட்டிக்கொண்டிருந்தோம். "அக்கா, அக்கா, வந்துருச்சு!" ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். மஞ்சளாக, தாம்பாளம் போல. நான் சொன்ன இடத்திலேயே! எல்லாரும் குலவை.

நங்கையா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"எத்தனைங்க நங்கையா?"

"மூணு."

கும்மி நின்றது. பிறகுதான் கவனித்தேன், பொத்தியிருந்தது வலது கண்ணை. பயத்தில் புரைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்!

"கைய மாத்துங்க, நங்கையா!"

மாற்றினார்.

"ஒண்ணுதான் கண்ணு. ஓரமெல்லாம் வெட்டி வெச்சாப்பல. உள்ள முசலுகூட உக்காந்திருக்குது."

கை மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று. சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு. பழனி மலை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். கச்சாயத்தைக் கையில் கொடுத்தால் வாங்கவில்லை, என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனம்மணி, மிச்சம் இருக்கற ரெண்டு நிலாவையும் எப்ப எடுக்கலாங்கற?"