படத்துக்குக் கீழே ஓடிய பேர்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடிக் கிருத்திகை கூட்டம் கலைந்த வாரம். எனக்கு எழுதத் தெரியாது, அதனால் கேசட்டில் பேசி வைக்கிறேன்.

என்னோடு தறி நெய்த முனிரத்தினம் இன்று விடியற்காலை செத்துப்போனான். பொழுது சாய்ந்த பிறகுதான் கடைத்தெருவில் என் காதில் விழுந்தது. ஓடினேன். எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவன் பெண்சாதி கேட்டாள்: "காலையிலேர்ந்து லோக்கல் டிவியில ஓடிகினே இருந்துச்சேண்ணா, நீ பாக்கலியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாவு, ரத்தம் தேவை, காணாமல்போன மாடு, எதற்கும் காசு வாங்காமல் ஊருக்காகப் போடுகிற சேனல் அது. கீழே முனிரத்தினத்தின் பேர் ஓடியிருக்கிறது. மேலே காமெடியைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கண்ணு சரியா தெரிலம்மா" என்று பொய் சொன்னேன்.

"சரிண்ணா, வுடு" என்றாள். அதுதான் இன்னும் சுடுகிறது.

சாவுச் செய்தியை வாயாலும் சொல்லச் சொல்லிச் சேனல்காரரைக் கேட்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். வாய் வருமா?

எங்கள் தறிக்காரக் கூட்டத்தில் என்னை விட்டால் இன்னும் ஒருத்தன்தான் உயிரோடு இருக்கிறான். அவனும் படிக்காதவன், அவனும் அந்த டிவியைத்தான் பார்க்கிறான். அவன் பேர் கே.ஜி.கண்டிகை கோவிந்தன்.