மாப்பிள்ளையிடம் நீ சொல்லாமல் போனது

இன்று காலையும் ஆறு மணிக்கு என் போன் அடித்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, ஏலத்துக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஸ்பானிஷ் பாடம் படிக்கச் சொல்லி அந்த ஆப் அடிக்கிற மணிதான். நீதான் அதை என் போனில் ஏற்றிவிட்டாய். எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியாது; தெரிந்தாலும் நிறுத்துவேனா என்பது சந்தேகம். எதிர் பெஞ்சில், நீ உட்காருகிற இடத்தில், எவனோ ஹெல்மெட்டை வைத்திருந்தான். எடுடா என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

உடம்பு ஓய்ந்துவிட்டதப்பா. தோட்டம், மார்க்கெட், திரும்பத் தோட்டம். முன்பும் இதே வேலைதான். அப்போது நடுவில் சிரிக்க ஒரு ஆள் இருந்தான்.

உன் மகள் கோகிலா வலென்சியாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். நீ கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாய். பிறகு ஒரு நாள் இதே கடையில் வந்து உட்கார்ந்து, "ஏம்பா, அவங்க பாஷைய நாம கத்துக்கணும்" என்றாய்.

"நாமன்னா? உனக்குத்தானே மாப்ள?"

"எத்தன நாளைக்குப்பா எம்புள்ளையே நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட்டிருக்கும்? தனியாப் பேசிப் பழகுனா பைத்தியம்பானுங்க. நீ எதுத்தாப்புல ஒக்காரு, போதும்."

அப்படித்தான் நான் உனக்கு மாப்பிள்ளையானேன். இந்த வயதில், டீக்கடையில், தாலி கட்டாமலே!

ஆப் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் முதலில் பாடம் பண்ணினாய். 'ஐயா, நூல் நிலையம் எங்கே இருக்கிறது?' என்று வீடியோ காலில் நீ ஒப்பித்தபோது மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்பா, இங்க ஒருத்தரும் இப்டிப் பேசமாட்டாங்க. இது தாலுக்கா ஆபீஸ் பேச்சு" என்றாள் கோகிலா. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தெருப்பேச்சுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாய். அவளும் சளைக்காமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

சரி என்பதற்குப் 'பாலே'. பரவாயில்லை விடு என்பதற்கு 'நோ பாசா நாடா'. உன் பெட்டி சரிந்து தக்காளியெல்லாம் தரையில் உருண்ட அன்று, சுமை தூக்குகிற ஓசூர்க்காரர் பதறிப்போய் நிற்க, நீ ரொம்ப ஸ்டைலாக 'நோ பாசா நாடா' என்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே! 'எஸ்தோய் எச்சோ போல்போ' என்றால் தூளாகிப் போனேன் என்று அர்த்தமாம், அலுத்துப்போனவர்கள் சொல்வது. அதைக் கேட்டதும் நீ தொடையில் தட்டிக்கொண்டாய். "நம்மாளுங்கதாம்ப்பா அவங்களும்! நாம நொந்து நூலாயிட்டேங்கறோம், அவங்க தூளாயிட்டேங்கறாங்க."

ஆனால் நீ தினமும் விடாமல் பழகியது ஒன்றே ஒன்று. 'மே காயெஸ் பியேன்.' உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அங்கே சாதாரணமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாம். தினம் காலையில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, என் முகத்தைப் பார்த்துச் சொல்வாய். நான் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீ ஒண்ணும் பேசாத. சும்மாக் கேளு" என்று அடக்கிவிடுவாய்.

பொங்கலுக்குக் கோகிலாவும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்தார்கள். நீ என்ன செய்தாய்? அவர் கூடத்துக்குள் வந்தால் எழுந்தாய். அவர் உட்கார்ந்தால் வெளியே போனாய். சாப்பிட அவர் பக்கத்தில் உனக்கும் இலை போட்டால், "அவரு மொதல்ல சாப்புடட்டும்" என்று களத்துப் பக்கம் நழுவினாய். மாப்பிள்ளைக்குச் சரிசமமாக மாமனார் உட்காரக் கூடாது என்பது நம் பக்கத்து மரியாதை. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வலென்சியாக்காரருக்கு யார் சொல்வது?

எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தன மாசமா என் உசுர வாங்குனியே, இப்ப வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா!" என்று கத்தினேன்.

"மாப்ளகிட்ட போயி உன்னப் புடிச்சிருக்குன்னு எப்புடிடா சொல்றது? வாய் வரமாட்டேங்குது. அடுத்த தடவ வருவாருல்ல, பாத்துக்கலாம்."

அடுத்த தடவை அவர் உன் காரியத்துக்குத்தான் வந்தார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழவே இல்லை.

கோகிலா பெண்களோடு உள்ளே இருந்தாள். மாப்பிள்ளை டிராக்டர் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். நான் போனதும், எனக்குப் புரியவேண்டுமென்று நிறுத்தி நிறுத்தி, கை ஜாடையும் காட்டித் தன் மொழியில் கேட்டார்: "அவருக்கு என்னைப் பிடிக்கவே இல்லை, இல்லையா? நான் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவார்."

அடப்பாவி, இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா அந்த மனிதர் இத்தனை மாதம் இருந்தார்! எழுந்து நிற்பது மரியாதை என்று சொல்ல முயன்றேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் அதற்கு வார்த்தை இல்லை. எழுந்தும் உட்கார்ந்தும் காட்டினேன், அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். "தினமும் காலையில்" என்றேன். உன்னைப் போலவே தொண்டையைச் செருமி, 'மே காயெஸ் பியேன்' என்றேன். என் நெஞ்சைத் தொட்டு, "நான் இல்லை. நீங்கள்" என்று அவரைக் காட்டினேன்.

 அவர் டிராக்டர் மட்காடில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு அழுதார். 'இ எல் அ மீ' என்றார். எனக்கும் அவரைப் பிடிக்கும் என்று அர்த்தம், பிறகு கோகிலா சொன்னாள். நான் காட்டியதையும் அவள்தான் விளக்கியிருக்க வேண்டும். மறுநாள் காரியத்தில் உன் படத்துக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. காரியம் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் பண்ணுகிறார். எப்படி இருக்கிறீர்கள் என்கிறார். தூளாகிப் போனேன் என்கிறேன். சிரிக்கிறார். அவர் பங்கை அவரிடம் சேர்த்துவிட்டேன், கவலைப்படாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தினமும் என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாய்? மாப்பிள்ளைக்குப் போக எனக்கென்று அதில் கொஞ்சமாவது இருந்ததா? நீ இல்லையென்று சொல்ல முடியாது என்கிற தைரியத்தில், கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன். பதில் எப்படிச் சொல்வதென்று போன வாரம் மாப்பிள்ளையிடம் கேட்டும் வைத்துக்கொண்டேன். இன்று மணி அடித்து ஓய்ந்ததும் அந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தேன். காலியான பெஞ்சைப் பார்த்து, யார் என்ன நினைத்தால் என்ன என்று, சத்தமாகவே சொன்னேன்.

'இ தூ அ மீ.' எனக்கும் உன்னைப் பிடிக்கும்டா.