உள்ளங்கைக்குத் தெரிந்தது

உட்டிகா, நியூயார்க்
19 ஜூலை 1886

அன்புள்ள ஒரின்,

நலம். நீயும் உன் மனைவி டெலியாவும் நலமா? சிரக்யூஸ் பேஸ்பால் அணிக்குப் போனதிலிருந்து ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. போகட்டும்.

சனிக்கிழமை உன் புது அணிக்காரர்கள் இங்கே வந்து என்னைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். மே மாதம் என் வளைவுப் பந்தை மட்டையால் தொடக்கூட முடியாமல் நின்ற அதே ஆட்கள்! இப்போது பந்து வரும் இடம் தெரிந்து காத்திருக்கிறார்கள். நீயோ விரல் உடைந்ததென்று பெஞ்சில் இருந்தாய். என் முகத்தையே பார்க்கவில்லை.

வளைவுப் பந்து வீசுமுன் நான் உதட்டைக் கடிப்பேன் என்பது, இத்தனை நாள் மட்டைக்காரனுக்குப் பின்னால் இருந்து என் பந்தைப் பிடித்த உனக்கு மட்டும்தான் தெரியும். யாராவது கேட்டிருப்பார்கள். நீயும் சொல்லியிருப்பாய். அப்படித்தானே?

உன் லெமுவேல்


சிரக்யூஸ்
23 ஜூலை

அன்பு லெம்,

சத்தியமாக நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உன் தோள் எப்படி இருக்கிறது? டெலியா உனக்குப் பீச் பழ ஜாம் அனுப்பியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

ஒரின்


உட்டிகா
26 ஜூலை

ஒரின்,

ஜாமைக் குதிரைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். என் தோளைப் பற்றி எதற்கு விசாரிக்கிறாய்? அதையும் அங்கே போய்ச் சொல்லவா?

சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன், "ஏம்ப்பா லெம், பந்தை வீசுறியா, தபால்ல அனுப்புறியா?" என்று கத்தினான். எங்கள் மேனேஜரே சிரித்தார். உனக்கு ஏதோ தெரியும். ஒளிக்காமல் எழுது.

லெமுவேல்


சிரக்யூஸ்
30 ஜூலை

லெம்,

நீ கேட்டதால் எழுதுகிறேன். போன வருடம் உன் பந்தைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கரண்டியைப் பிடிக்க முடியாது. டெலியாதான் ஊட்டிவிடுவாள். இந்த ஜூனில் என் உள்ளங்கை வலிக்கவே இல்லை. கை காய்த்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வேறொருவன் வீசியதைப் பிடித்தேன், உயிர் போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது, மாறியது என் கை இல்லை, உன் பந்தின் வேகம் என்று.

உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. சிரக்யூஸ் கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்காததும் அதனால்தான். உன் உதட்டை யாரும் கவனிக்க வேண்டியதே இல்லை, லெம். ஓய்வு கொடுக்காமல் வீச வைத்து உன் தோளைத் தின்றுவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுதான் உனக்கு. நிறுத்திவிடு, கையாவது மிஞ்சும்.

ஒரின்


லின், மாசசூசெட்ஸ்
14 ஆகஸ்ட்

ஒரின்,

என்னை அனுப்பிவிட்டார்கள். விடைபெறும்போது மேனேஜர் கை நீட்டினார். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இங்கே அண்ணன் வேலை செய்யும் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். இடது கையால் சுத்தியல் பிடிக்கப் பழகுகிறேன்.

நீ எழுதியதெல்லாம் உண்மை. ஆனாலும், 'ஆமாம், நான்தான் காட்டிக்கொடுத்தேன்' என்று எழுதியிருக்கலாம். அதை என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

இனி எழுத வேண்டாம்.

லெமுவேல் ஹாஸ்கெல்